கறுப்பு நகைப் பெட்டிக்குத் தாள் தேடுகிறேன்

வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றுக்குத் தீபாவளிப் பெட்டிகள் செய்து தருகிறோம். கறுப்புப் பெட்டி, மேலே தங்க நிற ஃபாயில் முத்திரை. அட்டைமேல் ஒட்ட 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தாள் வேண்டும்.

முதலில் வந்த மாதிரி, வெள்ளைத் தாளில் கறுப்பு மை அடித்தது. பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது; மூலையில் மடித்ததும் மை வெடித்து வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்தது. அடுத்தது கூழிலேயே சாயம் சேர்த்த தாள். வெட்டிய விளிம்பும் கறுப்பு, ஃபாயிலும் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் விடுகிறது. நம் ஊர் புழுக்கத்தில் வியர்க்காத கை எது? பட்டுப் புடவையில் ஒட்டினால் யார் பதில் சொல்வது?

மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம்) போடலாம் என்கிறார் அச்சகக்காரர். சாயம் ஒட்டாது, சரி. தாளைத் தொடும் சுகமும் போய்விடுமே! அப்புறம் எதற்கு இவ்வளவு விலை கொடுத்து இந்தத் தாள்?

சாயம் விடாத கறுப்புத் தாள் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? உபி, காக்கி புக்கிட் பக்கம் முழு ரீம் வாங்கச் சொல்லாமல் சில தாள்கள் மட்டும் கொடுக்கும் கடை இருந்தாலும் சொல்லுங்கள். லாட்டுக்கு லாட் கறுப்பு மாறுமா? ஒன்று நீலம் பாய்ந்தும் இன்னொன்று பழுப்பாகவும் வந்தால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.