'சீடு' எழுதத் தமிழில் என்ன வைக்கலாம்?

காரைக்குடி, திங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். பள்ளிகளுக்கிடையிலான டென்னிஸ் போட்டிக்கு ஆட்ட அட்டவணையைத் தமிழில் அச்சிடுகிறோம். விம்பிள்டன் ஒற்றையர் அட்டவணைதான் மாதிரி. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். 'சீடு' (seed, முன்னணி ஆட்டக்காரர்களுக்கு எண் கொடுத்து அட்டவணையில் முன்கூட்டியே இடம் ஒதுக்குவது) ஒன்றுதான் பாக்கி. 'தரவரிசை' என்றே போட்டுவிடலாமா?

தேவகோட்டை, திங்கள்

வேண்டாம் ஐயா. அந்தச் சொல் 'ரேங்கிங்'குக்குப் போய்விட்டது. 2018 விம்பிள்டனில் செரீனா வில்லியம்ஸ் உலகத் தரவரிசையில் 183. அவருக்குக் கிடைத்த சீடு 25. 2019இல் நடால் தரவரிசையில் 2, பெடரர் 3. ஆடவர் பிரிவில் புல்தரை ஆட்டங்களுக்கு அப்போது கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். அதனால் சீடு பெடரருக்கு 2, நடாலுக்கு 3 என்று மாறியது. (2021 முதல் அந்தக் கணக்கு இல்லை.) இதை ஒரே சொல்லால் எப்படி எழுதுவது?

சீடு ஆளின் தரத்தைச் சொல்வதில்லை, அட்டவணையில் அவர் உட்காரும் இடத்தைச் சொல்கிறது. உங்கள் 32 பேர் அட்டவணைக்கு 8 சீடு. முதலாமவர் 1ஆம் வரியில், இரண்டாமவர் 32இல். 3, 4 இருவருக்கும் சீட்டு எடுத்து 9, 24 ஆகிய வரிகள். 5 முதல் 8 வரை மறுபடி சீட்டு: 8, 16, 17, 25. எட்டுப் பேரையும் மேலிருந்து வரிசையாக எழுதுவதுதான் பள்ளிகளில் நடக்கும் பிழை. முதல் சுற்றிலேயே நல்ல ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் வெளியேற்றிவிடுவார்கள். 27 பேர்தான் வந்தார்கள் என்றால், முதல் ஐந்து சீடுகளுக்கு எதிர்வரியைக் காலியாக விடுங்கள்.

கண்டனூர், செவ்வாய்

மூலச்சொல்லே விதைதானே. 'வித்து' என்போம். வித்துதல் என்று வினையும் நம்மிடம் உண்டு. முதல் வித்து, இரண்டாம் வித்து. ஓசை நன்றாக இருக்கிறது.

பள்ளத்தூர், செவ்வாய்

அண்ணே, கண்மாயையும் மழையையும் நம்பிய நம் சீமையில் விதைப்பு என்றால் புழுதியில் கைவீசித் தெளிப்பது. விழுந்த இடத்தில் முளைக்கும். சீடு அப்படியா? இடைவெளி பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பது. நிலக்கடலைக்கு அப்படிச் செய்வதை 'ஊன்றுதல்' என்கிறோம். 'ஊன்றுநிலை' என்று வைத்தால் விதையும் வரும், இடமும் வரும்.

கானாடுகாத்தான், புதன்

கோலத்துக்குப் புள்ளியை முதலில் வைக்கிறோம், இழை அப்புறம்தான். அட்டவணையிலும் சீடுகளை இட்ட பிறகே மற்றவர்கள் பெயர் குலுக்கலில் வருகிறது. 'முன்புள்ளி' எப்படி? நகரத்தார் குடும்பக் கணக்கிலும் ஒரு தம்பதி ஒரு புள்ளி. இடம் உறுதியானவர் என்ற பொருள் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை.

தேவகோட்டை, புதன்

ஆச்சி, செயல்முறைக்கு உங்கள் உவமைதான் மிகச் சரி. ஆனால் ஆட்டத்தில் எடுப்பதும் புள்ளி, தரவரிசைக்குச் சேர்வதும் புள்ளி. மூன்றாவதாக ஒன்று தாங்காது.

புதுவயல், புதன்

மைதானத்தில் பிள்ளைகள் 'சீடு' என்றுதான் சொல்கிறார்கள். புரிகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பள்ளத்தூர், வியாழன்

வேற்றுமை ஏற்றிப் பாருங்கள். நெடில்தொடர்க் குற்றியலுகரம், நாடு, நாட்டை என்பதுபோல் டகரம் இரட்டித்தால் 'சீட்டை' ஆகும், குலுக்கல் சீட்டோடு குழம்பும். இரட்டிக்காவிட்டால் 'சீடை'. ஒரே தாளில் 'சீட்டு எடுத்துச் சீட்டை வை' என்று அச்சிட முடியுமா?

கண்டனூர், வியாழன்

'ஊன்று' என்றதும் மாணவனுக்கு ஊன்றுகோல்தான் நினைவுக்கு வரும். சீடு இல்லாதவரை என்ன சொல்வீர்கள்? 1985இல் பெக்கர் அப்படித்தான் விம்பிள்டன் வென்றார். 'ஊன்றுநிலை பெறாத பெக்கர்' என்று தலைப்பு எழுத முடியுமா?

பள்ளத்தூர், வியாழன்

'வித்தல்லாத பெக்கர்' அதைவிடக் கடினம் அண்ணே.

காரைக்குடி, வெள்ளி காலை

நாள் முடிந்தது. பள்ளத்தூர், தேவகோட்டை, ஆச்சி மூவரும் 'ஊன்றுநிலை'க்கு ஒப்பினார்கள், ஆச்சி அரைமனதோடு. முதல் வரவில் மட்டும் பக்கத்தில் 'சீடு' என்று போடுகிறோம், புதுவயலுக்காக. சீடு இல்லாதவருக்குச் சொல் கிடைக்கவில்லை. அட்டவணையில் அவர்கள் பெயர் எண்ணில்லாமல் நிற்கும், அது போதும்.

கண்டனூர், வெள்ளி

அச்சிடுங்கள். என் கட்டுரைகளில் 'வித்து' என்றே எழுதுவேன். போட்டி நடத்துபவர்களே அழைத்துக் கொடுக்கும் இடமான 'வைல்டு கார்டு'க்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?