நிறுத்திவைத்த கேம்பர் டிரெய்லரில் பூஞ்சை, என்ன செய்வது?

கேள்வி: காருக்குப் பின்னால் இழுத்துப்போகும், படுக்கை வசதியுள்ள டிரெய்லர் என்னுடையது. 5 மாதம் மூடிக் கிடந்ததைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை. மெத்தைக்கு அடியில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். நன்றாகத் துடைத்துவிட்டுத்தானே பூட்டினேன்?

பதில் 1: முதலில் ஒழுகல் இருக்கிறதா பாருங்கள், ஜன்னல் ஓரத்திலும் கூரை வென்ட்டை (காற்றுத் துளையை) சுற்றியும் இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை வெடித்திருக்கலாம். அதை அடைக்காமல் எது செய்தாலும் வீண். பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், காற்றுப் போகும் துணி உறைதான் நல்லது.

பதில் 2: மெத்தைகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், ஃபிரிட்ஜ் கதவு மூடாதபடி துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கால்சியம் குளோரைடு டப்பா ஈரத்தை இழுக்கும், ஆனால் அதில் சேரும் தண்ணீர் நிரம்புவதற்குள் கொட்டிவிட வேண்டும்; நான் மறந்துபோய் தரையெல்லாம் பிசுபிசுப்பு.

கேட்டவர்: அட, தார்ப்பாய்தான் கட்டியிருந்தேன்! இன்றே கழற்றுகிறேன்.