பானட்டில் பறவை எச்சத் தடம்: பாலிஷில் போகுமா, பெயிண்ட் அடிக்கணுமா?

நீலமெட்டாலிக்:
கார் பானட்டில் விழுந்த பறவை எச்சம் மூணு நாள் வெயில்ல காய்ஞ்சிடுச்சு. ஷாம்பூ போட்டுக் கழுவியதும் எச்சம் போயிடுச்சு, ஆனா கட்டைவிரல் அகலத்துக்கு மங்கலா ஒரு தடம், ஓரத்துல வளையம். நகத்தால வருடினா லேசா நெருடுது. வேக்ஸ் போட்டதும் மறைஞ்சது. ரெண்டு கழுவலுக்கு அப்புறம் திரும்ப வந்துடுச்சு. கருநீல மெட்டாலிக், கம்பெனி பெயிண்ட். பாலிஷ் போதுமா?

கிளியர்கோட்:
வேக்ஸ் பள்ளத்தை நிரப்பி மறைத்ததே தவிர, சரிசெய்யவில்லை. அதனால்தான் திரும்பத் தெரிகிறது.

எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஆனால் அமிலம் மட்டுமே காரணம் இல்லை. வெயிலில் கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பாதுகாப்பு அடுக்கு) இளகி விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மேலே காய்ந்து கெட்டியான எச்சத்தின் வடிவத்தையே அச்சாக வாங்கிக்கொள்கிறது. அந்த மேடுபள்ளம் ஒளியைச் சிதறடிப்பதைத்தான் மங்கலாகப் பார்க்கிறீர்கள். நிறம் போயிருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் தடத்தின் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்தால் சேதம் பெரும்பாலும் கிளியர் கோட்டுக்குள்தான். பாலிஷுக்கு வழி இருக்கிறது. ஈரத்திலும் பளிச்சென்று தெரிந்தாலோ, விரிசலோ உரிதலோ இருந்தாலோ பாலிஷைத் தொடாதீர்கள். விரிசல் விட்ட கிளியர் கோட்டைத் தேய்த்தால் இன்னும் உரியும்.

செய்முறை: நிழலில், பானட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். கழுவி, கிளே பார் (அழுக்குத் துகளை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு, ஒட்டியிருக்கும் துகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பேடில் சிக்கிக் கீறும். பிறகு மென்மையான ஃபோம் பேட், ஃபைன் பாலிஷ், பட்டாணி அளவில் 3 சொட்டு. டிஏ மெஷினில் (சுழன்றபடியே அதிரும் பாலிஷ் மெஷின்) ஒரு சதுர அடி பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக 4 முதல் 6 முறை. தடம் குறையவில்லை என்றால் மட்டும் காம்பவுண்டுக்கு (பாலிஷைவிடக் கரகரப்பான தேய்ப்புப் பசை) போங்கள். முடிவில் திரும்ப ஃபைன் பாலிஷ்.

ஒவ்வொரு சுற்றுக்கும் பின் நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்ப்பது அவசியம். பாலிஷில் உள்ள எண்ணெய் தடத்தை மறைத்து உங்களை ஏமாற்றும்.

சூடுஒத்தடம்:
பாலிஷுக்கு முன்னாடி ஒரு படி சேர்த்துக்கலாம். நல்ல சூடான வெந்நீர்ல மைக்ரோஃபைபர் துணியை நனைச்சு (கையுறை போட்டுக்குங்க) தடத்து மேல ரெண்டு மூணு நிமிஷம் போடுங்க. இளகின கிளியர் கோட் தன் மட்டத்துக்குக் கொஞ்சம் திரும்பும். லேசான அச்சு இதுலயே கொஞ்சம் குறையலாம், தேய்க்க வேண்டிய அளவும் மிச்சம்.

கிளியர்கோட்:
துணி ஒத்தடம் சரி, ஆனால் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வேண்டாம். ரீபெயிண்ட் பூத்திலேயே (பெயிண்ட் அடித்து உலர்த்தும் மூடிய அறை) சுமார் 60 டிகிரியில்தான் உலர்த்துகிறார்கள். ஹீட் கன் சீக்கிரமே அதைத் தாண்டிவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே நெளிந்தே போகும்.

நீலமெட்டாலிக்:
மெஷின் இல்லை. கையால செய்யலாமா? 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கிற மணல்தாள்) போடச் சொல்றாங்களே?

மைக்ரான்:
இவ்வளவு சின்ன தடத்துக்குக் கை போதும். ஃபோம் அப்ளிகேட்டரில் காம்பவுண்ட் எடுத்து, மிதமான அழுத்தத்தில் நேர்கோடாக, 30 தேய்ப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்க. ஒரே புள்ளியில் விரல் நுனியால் அழுத்தாதீங்க, குழி விழும். சுற்றி நாலு விரல் அகலம் வரை சேர்த்துத் தேய்ச்சாத்தான் மட்டம் ஒட்டும்.

வாட்டர் பேப்பர் கடைசி ஆயுதம். கம்பெனி பெயிண்ட் மொத்தமே 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான். அதில் கிளியர் கோட் 35 முதல் 50. புற ஊதாக் கதிரைத் தடுக்கிற வேலையை அந்த அடுக்குதான் செய்யுது. அதை மெலிய வைத்தால் இன்று பளபளக்கும், சில வருஷத்தில் வெளுத்து உரியும். பெயிண்ட் தடிமன் மீட்டர் கையில் இல்லாமல் மணல்தாள் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. போட்டே ஆகணும்னா அதைவிட நைசான 3000 நம்பரில், சோப்புத் தண்ணீர் விட்டு, சின்ன ரப்பர் பிளாக்கோட. பானட் விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் அடுக்கு மெலிசு; அங்கே வேண்டவே வேண்டாம்.

உங்களுடையது மெட்டாலிக். பேஸ் கோட் (கிளியருக்குக் கீழே உள்ள நிற அடுக்கு) வரை தேய்ந்தால் டச்அப் பேனாவால் சரியாகாது, அலுமினியத் துகள் படியும் கோணம் மாறி அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ தெரியும். அப்புறம் நிறத்தைச் சுற்றிலும் கலந்து அடிச்சு, பானட் முழுக்கக் கிளியர் ஏற்றணும். அந்த 2கே கிளியரில் (கடினமாக்கி கலந்து அடிக்கிற கிளியர்) மூச்சுக்குழாயைப் பாதிக்கிற ஐசோசயனேட் இருக்கு. சாதாரண மாஸ்க் போட்டு வீட்டில் அடிக்காதீங்க, பூத்தில் விடுங்க.

நகத்துக்கு நெருடுற வளையம் முழுசாப் போகாம 80 சதவீதம் குறைஞ்சாலே நிறுத்திடுங்க. மிச்சம் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். அதுக்கு மேல சீலன்ட் (வேக்ஸ் மாதிரியான பாதுகாப்புப் பூச்சு) ஒரு கோட் போட்டுடுங்க. அடுத்த முறை எச்சம் விழுந்தா நனைச்ச டிஷ்யூவை 10 நிமிஷம் மேல வைத்து, ஊறினதும் தேய்க்காம அப்படியே தூக்கி எடுங்க; உள்ளே விதையும் மணலும் இருக்கும், இழுத்தா கீறல் தனியா வரும்.