தளர்வு நேரமா, தணிவு நேரமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முழங்கால் எம்.ஆர்.ஐ. கட்டுரையில் 'ரிலாக்சேஷன் டைம்' என்பதற்குத் 'தளர்வு நேரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இயற்பியல் பாடத்தில் அது ஓடிவிடும், முழங்காலில் உதைக்கும். மூட்டுத் தளர்வு என்றாலே தசைநார் நெகிழ்ந்து மூட்டு ஆடுவதைத்தான் எவரும் நினைப்பார்கள். "குருத்தெலும்பில் தளர்வு நேரம் கூடியிருக்கிறது" என்று அறிக்கையில் படிக்கிற நோயாளி, கட்டுப்போட ஓடுவார்.

உள்ளே நடப்பது என்ன? குருத்தெலும்பின் எடையில் முக்கால் பங்கு போல நீர்தான். அந்த நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ஒரு ரேடியோ அலைத் துடிப்பு கிளப்பிவிடுகிறது. துடிப்பு நின்றதும் அவை அடங்குகின்றன. அடங்க ஆகும் நேரம்தான் 'ரிலாக்சேஷன் டைம்'. அவ்வளவுதான். கோபம் தணிகிறது, தாகம் தணிகிறது, சூடு தணிகிறது என்று கிளம்பியது அடங்குவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே. ஆகவே 'தணிவு நேரம்' என்கிறேன்.

இந்த நேரத்தில் டி1, டி2 என்று இரண்டு வகை உண்டு. அவற்றில் டி2-க்கு மட்டும் 'குலைவு நேரம்' போதும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அணுக்கருக்களின் ஒத்திசைவு குலைவதுதான் டி2; பொருள் சரி, மறுக்கவில்லை. ஆனால் டி1-இல் குலைவு இல்லை, பழைய நிலைக்கு மீள்வதுதான் உண்டு. இரண்டுக்கும் ஒட்டாத பெயர் வைத்தால் அவை ஒரே குடும்பம் என்பதே தெரியாமல் போகும். டி1 நெடுக்குத் தணிவு, டி2 குறுக்குத் தணிவு என்றால் உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும். தவிர, குலைவு என்ற சொல் இதே கட்டுரையில் வேறு இடத்துக்குத் தேவை. மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கத்தில் குருத்தெலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளின் வலை குலைகிறது, நீர் கட்டவிழ்கிறது, டி2 நீள்கிறது. அந்த வரியில் இரண்டு குலைவு வந்தால் வாசகர்தான் குலைவார்.

அப்புறம், 'செக்மென்டேஷன்' என்பதற்குத் 'துண்டாக்கல்' வேண்டவே வேண்டாம். அறுவை அரங்கில் கேட்கிற சொல் போல இருக்கிறது. அங்கே நாம் எதையும் வெட்டவில்லை; திரையில் படத்துக்குப் படம் குருத்தெலும்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுக்கிறோம். 2 மில்லிமீட்டர் தடிமன், 0.4 மில்லிமீட்டர் படப்புள்ளி என்றால் குறுக்கே ஐந்தே புள்ளிகள். கோடு ஒரு புள்ளி வெளியே போனால் மூட்டுத் திரவமும் கணக்கில் சேரும். திரவத்தின் டி2 மிக நீளம் என்பதால் நல்ல குருத்தெலும்பும் கெட்டதுபோலக் காட்டும். செய்கிற வேலை எல்லை வரைவது. பெயரும் 'எல்லை வரைவு' என்றே இருக்கட்டுமே.

'கார்ட்டிலேஜ்' என்பதற்குக் குருத்தெலும்பா, இலங்கைப் பாடநூல்களின் கசியிழையமா என்ற பழைய சண்டையை இப்போது கிளப்பவில்லை. எலும்பே அல்லாத ஒன்றின் பெயரில் எலும்பு இருப்பது எனக்கும் உறுத்துகிறது. அதற்குத் தனி விவாத இழை தொடங்கலாம்.

'தணிவு நேரம்' என்பதைத் 'தணிநேரம்' என்று சுருக்கலாமா? குருத்தெலும்பில் இடத்துக்கு இடம் டி2 எவ்வளவு என்று காட்டும் டி2 வரைபடத்துக்கு அப்போது 'தணிநேர வரைபடம்' என்று வரும். வாய்க்கு எப்படி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.