ராக் பாட்டு வீடியோவுல உதட்டசைவு பாட்டோட ஒட்ட மாட்டேங்குது, உதவுங்க

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல நாங்க நாலு பேர் சேர்ந்த ராக் பேண்ட். முதல் சிங்கிளோட வீடியோவைப் போன மாசம் பேரூர் நொய்யல் படித்துறையில எடுத்தோம். பாட்டு 4 நிமிசம் 10 நொடி. பாடகர் முகம் மட்டும் போன்ல, ஒரே ஷாட். தொடக்கத்துல உதடு கச்சிதம். கடைசிப் பல்லவியில கால் நொடி பின்தங்குது. 'மழை'யோட 'ம'வுக்கு உதடு மூடறதுக்குள்ள சத்தம் வந்துருது.

கேமராவுல எடுத்த டிரம்ஸ் ஷாட் சரியா இருக்கு. எடிட்டிங் டைம்லைன் நொடிக்கு 25 ஃபிரேம் (படம்), ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ். கிளிப்பை நகர்த்தினா முடிவு ஒட்டுது, தொடக்கம் விலகுது. போன்ல ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும்னு, ஹேண்ட்பிரேக்ங்கற வீடியோ மாத்தற மென்பொருள்ல கான்ஸ்டன்ட் (மாறாத) 25 வெச்சு மாத்தினேன், அப்பவும் அப்படியேதான். வேகம் 100.1 சதவீதம் வெச்சா ரெண்டு முனையும் ஒட்டுது, நடுச்சரணம் நழுவுது.

ஆத்துல தண்ணி வந்துருச்சு, மறுபடி எடுக்க முடியாது. அந்த முகத்துல இருக்கற உயிரும் திரும்ப வராது.

ஷாட்டை வெட்டாம நடுச்சரணத்தையும் ஒட்ட வைக்க என்ன வழிங்க?