காதில் நீர் கோர்த்த பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

கோவை அம்மா:

மகனுக்கு நாலரை வயது, யூகேஜி படிக்கிறான். மழைக்காலத்தில் பிடித்த சளி விட்ட பிறகும் காது மட்டும் தெளியவில்லை. அடுப்படியிலிருந்து "சீப்பு எடுத்துட்டு வா" என்றால் சோப்போடு வந்து நிற்பான். எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துச் சொன்னால் ஒரு தடவையிலேயே புரிந்துகொள்வான். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். இந்த ஏற்ற இறக்கம்தான் எல்லாரையும் குழப்பியது. "வேணும்னா மட்டும் கேட்குது, சரியான அழுத்தக்காரன்" என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். காது வலி, காய்ச்சல், சீழ் எதுவும் கிடையாது.

ஈஎன்டி டாக்டர் டிம்பனோமெட்ரி எடுக்கச் சொன்னார். காது துவாரத்தில் ரப்பர் முனையை வைத்து, காற்றழுத்தத்தை லேசாக ஏற்றி இறக்கி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கிறார்கள். வலிக்காது, சீக்கிரம் முடிந்துவிடும். நல்ல காது என்றால் தாளில் கோடு மேடாக எழும்பி இறங்கும். இவனுக்கு இரண்டு காதிலும் கோடு தட்டையாகப் போயிருந்தது. 'பி டைப்' என்றார்கள். அதாவது செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில், நீர் தேங்கியிருக்கிறது. நாளாக ஆக அது பசை போல் கெட்டிப்படும். கேட்புச் சோதனையில் 30 டெசிபெல் குறைவு. காது செவிடு இல்லை, ஆனால் மெதுவாகப் பேசினால் பாதிதான் போய்ச் சேரும்.

காரணத்தை டாக்டர் படம் போட்டே காட்டினார். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது, அதன் வழியாகத்தான் காதுக்குக் காற்று வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாக, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கிறது. சளியிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு என்ற சதையின் வீக்கத்திலோ அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று குறைந்து நீர் ஊறுகிறது. 2 வயதையும் 5 வயதையும் ஒட்டித்தான் இது அதிகம் வருமாம். பிள்ளை வளர வளரக் குழாயும் சரிவாகிவிடும் என்பதால் பெரும்பாலானோருக்குத் தானாகவே போய்விடுகிறது.

மாமியார் பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சித் தயாராக வைத்திருந்தார். நீர் இருப்பது செவிப்பறைக்கு உள்ளே, எண்ணெய் ஊற்றினால் வெளியிலேயே நின்றுவிடும் என்று அதே படத்தைக் காட்டி அவருக்குப் புரிய வைத்தேன். தலைக்குக் குளித்த பின் சாம்பிராணி போடுவதையும் நிறுத்தியாயிற்று, எந்தப் புகையும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பீடி, சிகரெட் புகைதான் இதில் முதல் எதிரி. முன்பு காட்டிய ஒரு கிளினிக்கில் அலர்ஜி சிரப், மூக்குச் சொட்டு, ஆன்டிபயாட்டிக் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நடுக்காது நீருக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை என்று இவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதம் பார்த்துவிட்டு மறுபடி சோதிப்போம் என்றார்.

இந்த மூன்று மாதம் சும்மா இருக்கிற காலம் இல்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். பேச்சும் எழுத்தும் ஊன்றுகிற வயது இது. பேசுவதற்கு முன் டிவியை நிறுத்துகிறோம். தோளைத் தொட்டுத் திரும்ப வைத்து, அவன் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறோம். கத்துவதில்லை, கத்தினால் சொல் சிதைந்துதான் கேட்கும். ராத்திரி கதை சொல்லும்போது விளக்கை அணைப்பதில்லை, என் வாய் அவனுக்குத் தெரிய வேண்டும். பள்ளியிலும் சொல்லி இடம் மாற்றி வாங்கினேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

தஞ்சை டீச்சர்:

இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளை நான் கண்டுபிடிப்பது சொல்வதை எழுதுதலில். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் ஒரு பிழை இருக்காது. நான் சொல்ல அவர்கள் எழுதினால் வண்டு நண்டாகும், மலை வலையாகும். படிப்பு வராத பிள்ளை இரண்டிலும் தடுமாறும். பார்த்து எழுதுவது சுத்தமாகவும் கேட்டு எழுதுவது குளறுபடியாகவும் இருந்தால் நான் பெற்றோரைக் கூப்பிட்டு, காதைக் காட்டுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் இப்படி இரண்டு மூன்று பேராவது தென்படுவார்கள்.

2013இல் வந்த ஆர்பிஎஸ்கே என்ற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கு வருஷம் ஒரு தடவையும் அங்கன்வாடிக்கு இரண்டு தடவையும் வருகிறது. காதும் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த நோய் வந்து வந்து போவது, குழு வருகிற அன்றைக்குப் பிள்ளைக்கு நன்றாகக் கேட்டால் தப்பிவிடும். அதனால் சந்தேகமுள்ள பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொடுப்பேன். அவர்கள் மாவட்டத் தலைமையிடத்தில் இருக்கும் ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். 'முதல் பெஞ்சு' என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வகுப்பில் முதல் பெஞ்சுக்கு நேர் மேலேதான் மின்விசிறி கடகடக்கிறது! ஃபேனுக்கும் சாலைப் பக்க ஜன்னலுக்கும் தள்ளி, டீச்சர் முகம் தெரிகிற இடமாகக் கேளுங்கள்.

லண்டனில் ஒரு தாய்:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது இங்கே லண்டனில். மகளுக்கு ஆறு வயது. இந்த நாட்டில் இது மிகவும் சாதாரணம், பத்து வயதுக்குள் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு ஒருமுறையாவது வரும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். குளிர்காலத்தில் தடிமன் (சளி) பிடித்தால் கூடவே இதுவும் வந்துவிடும்.

மூன்று மாதம் கழித்தும் மகளுக்கு மாறவில்லை. கொஞ்ச காலத்துக்குக் காது கேட்கும் கருவி போடலாம், அல்லது செவிப்பறையில் கிராமெட் என்ற சின்னக் குழாய் வைக்கலாம் என்று இரண்டையும் விளக்கி எங்களையே தீர்மானிக்கச் சொன்னார்கள். நாங்கள் கருவியை எடுத்தோம். சொந்தக்காரர் பதறிப்போனார்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு மிஷின் மாட்டி விட்டியளே" என்று கோயிலில் வைத்தே கேட்டார்கள். நீர் வற்றினதும் கழற்றி விடுவதுதானே, அதுவரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன கதைக்கிறார்கள் என்று விளங்காமல் இருக்க வேணுமா? மகள் ஊதா நிறம் கேட்டாள், அதையே கொடுத்தார்கள். போட்ட அன்று வீட்டுக்கு வந்து குளிர்சாதனப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அம்மா, இது ஏன் முனகுது?" என்று கேட்டாள்.

மூக்கால் ஊதுகிற பலூன் ஒன்றும் இருக்கிறது. ஒரு மூக்குத் துவாரத்தைப் பொத்திக்கொண்டு மற்றதால் ஊத வேணும். அந்த அழுத்தத்தில் குழாய் திறந்து காதுக்குக் காற்று போகும். காத்திருக்கிற காலத்தில் செய்யலாம்.

நெல்லை அப்பா:

எங்கள் மகனுக்கு அறுவை சிகிச்சை வரை போனது. நாங்கள் பார்த்த அறிகுறி வேறு: வாயைத் திறந்து வைத்துத் தூங்குவான், பெரிய ஆள் போலக் குறட்டை. அடினாய்டு வளர்ந்து அந்தக் குழாயின் வாயை அடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் கோடு தட்டையாகவே இருந்ததால் அடினாய்டை எடுத்து, இரண்டு காதிலும் கிராமெட் வைத்தார்கள். செவிப்பறையில் பொடி வெட்டு, நீரை உறிஞ்சிவிட்டு, சின்னச் சட்டைப் பொத்தானைவிடவும் சிறிய குழாயை அந்த ஓட்டையில் பொருத்துகிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் பயமாகத்தான் இருந்தது. கிராமெட் வைக்கிற வேலை கால் மணி நேரம்தான், அடினாய்டுக்காக ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் குக்கர் விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான். அவன் அம்மா அழுதேவிட்டாள்.

கிராமெட்டைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் செவிப்பறையே அதைத் தள்ளிவிடும். ஆனால் தண்ணீரில் கவனம் வேண்டும். எங்களுக்கு ஆற்றுக்குளியல் இல்லாமல் கோடை விடுமுறை ஏது? தாமிரபரணியில் இடுப்பளவு நின்று குளித்தான், தலையை முக்க விடவில்லை. ஒரு தடவை காதில் சீழ் வந்தது, டாக்டர் தந்த சொட்டு மருந்தில் நின்றுவிட்டது. கிராமெட் விழுந்த பிறகு சிலருக்கு மறுபடி நீர் கோர்க்கும் என்பதால் சோதனையைத் தொடர்ந்து பார்க்கிறோம்.

அண்ணப்பிளவுக் குழந்தையின் அம்மா:

சுருக்கமாக ஒன்று. அண்ணப்பிளவோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள குழந்தைகளுக்கு இது மிக அதிகமாக வரும், நீண்ட நாள் நிற்கும். "மூன்று மாதத்தில் போய்விடும்" என்ற பொதுக்கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. பேச்சு வருகிறதா என்று காத்திராமல் காதுச் சோதனையை ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள். பிறந்ததும் எடுத்த சோதனையில் பாஸ் என்று வந்திருந்தால் அது அன்றைய நிலவரம் மட்டும்தான். இன்னொன்று, எல்லாக் கேட்புக் குறைவும் நீரால் வருவதல்ல. உள்காது நரம்புக் குறைபாடு தானாகப் போகாது, அதற்குச் சிகிச்சை தாமதமானால் பேச்சு வளர்வதே தடைபட்டுவிடும். என்ன வகை என்று சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகே பொறுத்திருப்பது சரி.

கோவை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், ஃபேன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன். லண்டன் அக்கா, அந்தப் பலூனை நாலரை வயதுப் பிள்ளை ஊத முடியுமா?

லண்டனில் ஒரு தாய்:

முடியும். ஆனால் முதல் சில நாள் காற்று வராது, பிள்ளைக்கு எரிச்சல் வரும். பலூனை முதலில் நீங்கள் கையால் இழுத்து, ஒருமுறை ஊதித் தளர்த்திக் கொடுங்கள், சுகமாக ஊதுவான். மகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் சொன்னார்கள். கடும் தடிமனோ காது வலியோ மூக்கால் இரத்தமோ இருந்தால் நிறுத்திவிட வேணும். எதற்கும் உங்கள் டாக்டரிடம் ஒருக்கால் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.