கல்லூரி டீமில் ஆடாதவர் அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் கோச் ஆக முடியுமா?

பேஸ்லைன்23:
அமெரிக்காவில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆட்டம் பள்ளியோடு முடிந்துவிட்டது. டிவிஷன் 1-ல் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) ஹெட் கோச் ஆவதுதான் இலக்கு. எங்கே தொடங்க வேண்டும்? ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் முதுகலை அவசியமா?

ஹெல்ப்சைடு:
தாராளமாக முடியும். டஸ்டி மே ஒரு சிறிய கல்லூரியில் ஒரே வருடம் ஆடிவிட்டு, இண்டியானாவில் புகழ்பெற்ற கோச் பாப் நைட்டிடம் மாணவர் மேனேஜராக இருந்தவர். 2018-ல் ஃபுளோரிடா அட்லாண்டிக் ஹெட் கோச், 2023-ல் ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள்), 2024-ல் மிச்சிகன் ஹெட் கோச்.

உங்கள் கல்லூரி டீமின் ஆபரேஷன்ஸ் டைரக்டரை நேரில் பார்த்து மேனேஜர் வேலை கேளுங்கள். ஹெட் கோச்சுக்கு மெயில் போட்டுக் காத்திருந்தால் சீசனே முடிந்துவிடும். ரீபவுண்ட் எடுத்துப் பாஸ் போடுவது, கடிகாரம் பார்ப்பது, ஷாட் கணக்கு எழுதுவது என்றுதான் வேலை இருக்கும். சீசனில் வீரர்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம் என்று விதிக்கப்பட்ட வரம்புக்குள் ஒரு ப்ராக்டிஸை எப்படி நிமிடக் கணக்கில் அடுக்குகிறார்கள் என்பதை அங்கே நின்றுதான் கற்க முடியும்.

பிறகு கிராஜுவேட் மேனேஜர் (முதுகலை படித்துக்கொண்டே செய்யும் வேலை), வீடியோ கோஆர்டினேட்டர் அல்லது ஆபரேஷன்ஸ், அசிஸ்டன்ட், அசோசியேட் ஹெட் கோச் என்று படி ஏறும். முதுகலை எந்தப் பாடத்தில் என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

இப்போதே ஃபிலிம் வெட்டப் பழகுங்கள். எதிரணியின் கடைசி நான்கைந்து ஆட்டங்களை எடுத்து ஒவ்வொரு பொசெஷனையும் (பந்து ஓர் அணியிடம் இருக்கும் நேரம்) வகை பிரியுங்கள்: பால் ஸ்க்ரீனை (பந்து வைத்திருப்பவருக்காகச் சக வீரர் நின்று தடுப்பது) எப்படிக் காக்கிறார்கள், பேஸ்லைன் இன்பவுண்டில் (கூடைக்குப் பின்னாலிருந்து பந்தை உள்ளே போடும்போது) என்ன திட்டம் ஓட்டுகிறார்கள், டைம்-அவுட் முடிந்ததும் முதல் திட்டம் யாருக்கு. வீரர்களுக்குக் காட்டுவது பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. புதியவர்கள் தெரிந்ததையெல்லாம் திணிப்பார்கள். வீரர்களுக்கோ தாங்கள் காக்க வேண்டிய ஆளின் இரண்டு பழக்கங்கள் நினைவில் நின்றால் போதும்.

வீக்சைடு:
மேலே சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. வீடியோவிலேயே ஊறிப்போனால் அதிலேயே நிறுத்திவிடுவார்கள். அசிஸ்டன்ட் எடுக்கும்போது முதல் கேள்வி, ‘எந்த வீரர்களைக் கொண்டுவர முடியும்?’ என்பதுதான். 2023-ல் டிவிஷன் 1-ல் அசிஸ்டன்ட் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தானது. கூடுதல் இருவருக்குக் கோர்ட்டில் சொல்லிக்கொடுக்க அனுமதி வந்தது, வெளியே போய் ரிக்ரூட் செய்ய (புது வீரர்களைத் தேடிச் சேர்க்க) வரவில்லை. அந்த இடத்தில் சேர்ந்தவர்கள் பலர் இதை யோசிக்கவே இல்லை.

அதனால் டிவிஷன் 2, டிவிஷன் 3 அசிஸ்டன்ட் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆட்கள் குறைவு என்பதால் ஸ்கௌட்டிங், ரிக்ரூட்டிங், பயணம், தனிப்பயிற்சி எல்லாம் உங்கள் தலையில் விழும். டிவிஷன் 3-ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. பணமில்லாமல் ஒரு குடும்பத்தைப் பேசிச் சம்மதிக்க வைத்தவருக்கு மேலே போனாலும் அந்தத் திறமை கைகொடுக்கும்.

பேஸ்லைன்23:
நன்றி. எத்தனை வருடம் ஆகும்?

ஹெல்ப்சைடு:
பெயர் பெற்ற இரண்டு கோச்களைப் பாருங்கள். டாம் இஸோ மிச்சிகன் ஸ்டேட்டில் சேர்ந்தது 1983, ஹெட் கோச் ஆனது 1995. பிராட் ஸ்டீவன்ஸ் 2000-ல் மருந்து நிறுவன வேலையை விட்டு பட்லர் பல்கலைக்கழக டீமில் சேர்ந்தார். 2007-ல் ஹெட் கோச். இவர்களே வேகமாக ஏறியவர்கள்தான்.

க்ளோஸ்அவுட்:
யாரிடம் சேர்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஹெட் கோச்சை நீக்கினால் அவருடைய ஆட்கள் எல்லோரும் வெளியேதான். சேரும் முன் அவர் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி, கடைசி இரண்டு சீசன் எப்படி, அவரிடம் இருந்த அசிஸ்டன்ட்கள் ஹெட் கோச் ஆகியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பெயர் பெற்ற கல்லூரி என்ற ஒன்றுக்காக, அடுத்த மார்ச்சில் போகப்போகிறவரிடம் சேராதீர்கள்.

இடங்கள் காலியாவது பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை. ஏப்ரல் தொடக்கத்தில் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரிலேயே கோச்கள் சங்கத்தின் மாநாடும் நடக்கும்; முடிந்தால் போங்கள். ஒரு பக்க பயோடேட்டாவோடு, அந்த டீமின் அடுத்த சீசன் எதிரணி ஒன்றைப் பற்றி நீங்களே தயாரித்த ஸ்கௌட்டிங் ரிப்போர்ட்டை இணையுங்கள். அதுவும் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.